நவஹோ தெரிந்தவருக்கும் புரியாத நவஹோ: ஒரு போர்க்காலச் சங்கேத மொழி இயங்கிய விதம்

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்க மரைன் படையினர் நவஹோ என்னும் பூர்வகுடி மக்களின் மொழியைக் கொண்டு இரகசியச் செய்திகளை அனுப்பினார்கள் என்பதும், ஜப்பானியரால் அதைக் கடைசி வரை அவிழ்க்க முடியவில்லை என்பதும் பலரும் அறிந்தவையே. ஆனால் இதை எடுத்துச் சொல்பவர்களில் பெரும்பாலோர், 'அவர்கள் தங்கள் தாய்மொழியில் பேசிக்கொண்டார்கள், எதிரிக்கு அந்த மொழி தெரியாது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள ஜோ கியோமியா என்ற போர்க்கைதியின் அனுபவம் உதவும். நியூ மெக்சிகோவைச் சேர்ந்த நவஹோ வீரரான அவர் 1942-இல் பிலிப்பைன்ஸில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, போர்க்கைதிகளை ஜப்பானியர் வதைத்து நடத்திச் சென்ற பட்டான் மரண நடைப்பயணத்திலும் உயிர் தப்பியவர். அமெரிக்கர்களின் வானொலியில் ஒலிப்பது நவஹோ மொழி என்று ஐயுற்ற ஜப்பானியர், அவரைச் சித்திரவதை செய்து அந்தச் செய்திகளைக் கேட்க வைத்தனர். அவருக்குத் தனித்தனிச் சொற்கள் புரிந்தன. சேர்த்துப் பார்த்தால் எதுவும் பொருள்படவில்லை. நவஹோவைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலமும் அறிந்த ஒருவருக்கே புரியாத வகையில் அந்தச் செய்திகள் எப்படி அமைக்கப்பட்டன என்பதே இங்கு விளக்க வேண்டியது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு செய்தியை மறைக்க இரண்டு வழிகள் உண்டு. எழுத்துகளை ஏதேனும் ஒரு விதிப்படி மாற்றுவது ஒரு வழி. ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அகரவரிசையில் மூன்று இடம் தள்ளி வரும் எழுத்தை எழுதினால் அது மிக எளிய மறையெழுத்து. விதியைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாச் செய்திகளையும் படித்துவிடலாம். மற்றொரு வழி, முழுச் சொல்லுக்கோ கருத்துக்கோ பதிலாக, முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட வேறொரு சொல்லைப் போடுவது. இதற்கு விதி கிடையாது. சொற்பட்டியல் மட்டுமே உண்டு. இரண்டாவது வழி தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குப் புதிதன்று. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று வழங்குவதைக் குழூஉக்குறி என்று பள்ளியில் படித்திருப்போம். 'பறி' என்ற சொல்லின் வழக்கமான பொருள் கடையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழுவுக்குள் அது எதைக் குறிக்கிறது என்பதுதான் தெரியாது. கியோமியாவின் நிலைமை ஏறக்குறைய அதுவே.

இப்படியொரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்றால், போர்க்களத்தில் இரகசியமும் வேகமும் ஒன்றையொன்று தின்றுவிடும். தலைமையகங்களுக்கிடையே செல்லும் நீண்ட ஆணைகளை இயந்திரத்தால் மறையெழுத்தாக்கி நிதானமாக அனுப்பலாம். ஆனால் கடற்கரையில் இறங்கிய ஒரு படைப்பிரிவு, எதிரியின் இயந்திரத் துப்பாக்கி எங்கிருந்து சுடுகிறது என்று பீரங்கிப் படைக்குச் சொல்ல அரைமணி நேரம் எடுத்துக்கொண்டால் சொல்வதற்கு ஆள் மிஞ்சாது. வெளிப்படையான ஆங்கிலத்தில் சொன்னாலோ, நல்ல ஆங்கிலம் அறிந்த ஜப்பானியர் அதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சில வேளைகளில் அமெரிக்க அதிகாரிகளைப் போலவே பேசிப் பொய்யான ஆணைகளையும் பிறப்பித்தார்கள்.

இந்த நிலையில்தான் 1942-இன் தொடக்கத்தில் பிலிப் ஜான்ஸ்டன் என்ற பொறியாளர் மரைன் படையை அணுகினார். கிறித்தவ மதப் பணியாளரின் மகனான அவர் நவஹோ நிலத்தில் வளர்ந்து, சிறுவயதிலேயே அம்மொழியைக் கற்றவர்; முதல் உலகப்போரில் பணியாற்றியவர். கலிபோர்னியாவில் சான் டியகோவுக்கு அருகிலிருந்த எலியட் முகாமில், 1942 பிப்ரவரி இறுதியில், மேஜர் ஜெனரல் கிளேட்டன் வோகல் முன்னிலையில் நான்கு நவஹோக்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்திக் காட்டப்பட்டது. மூன்று வரிச் செய்தியை நவஹோவில் அனுப்பி, மறுமுனையில் மீண்டும் ஆங்கிலமாக்க அவர்களுக்கு 20 நொடிகளே போதுமானதாக இருந்தது. அன்றைய இயந்திரங்களுக்கு அதே வேலைக்கு 30 நிமிடங்கள் தேவைப்பட்டன. வோகல் 200 பேரைச் சேர்க்கப் பரிந்துரைத்தார். மேலிடம் எச்சரிக்கையோடு, முதலில் ஏறத்தாழ 30 பேரைச் சேர்த்துப் பார்க்கலாம் என்றது. 1942 மே மாதம் நியூ மெக்சிகோவின் விங்கேட் கோட்டையில் 29 நவஹோ இளைஞர்கள் படையில் சேர்ந்தனர்.

ஜான்ஸ்டனின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர் கொண்டுவந்தது ஒரு யோசனையே; சங்கேத மொழியை உருவாக்கியவர்கள் அந்த 29 பேர். பல கட்டுரைகள் இதைக் குழப்பிவிடுவதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிப்படைப் பயிற்சியை முடித்துக்கொண்டு எலியட் முகாமுக்கு வந்த அவர்கள்முன் இருந்த சிக்கல் எளிதன்று. ஆடு மேய்க்கும் வாழ்வுக்கும் சடங்குகளுக்கும் உறவுகளுக்கும் நுட்பமான சொற்களைக் கொண்டிருந்த அவர்கள் மொழியில், நீர்மூழ்கிக்கப்பலுக்கும் கையெறிகுண்டுக்கும் சொற்கள் இல்லை. புதிய சொற்களைச் செயற்கையாக உருவாக்குவதைவிட, ஏற்கெனவே உள்ள சொற்களுக்குப் புதிய வேலை கொடுப்பதே நல்லது என்று அவர்கள் முடிவு செய்தனர். அப்படிச் செய்தால் நினைவில் நிற்கும். கேட்கும் அயலாரும் ஏதோ பறவைகளையும் மீன்களையும் பற்றிய பேச்சென்றே எண்ணுவர்.

எனவே நீர்மூழ்கிக்கப்பல் 'பேஷ்-லோ' ஆயிற்று; அதற்கு இரும்பு மீன் என்று பொருள். பெரும் போர்க்கப்பல் 'லோ-ட்ஸோ', அதாவது திமிங்கிலம். வேகமாகப் பறக்கும் சண்டை விமானத்துக்கு ஹம்மிங் பறவையின் பெயரும், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் விமானத்துக்குக் கோழிகளைத் தூக்கிச் செல்லும் பருந்தின் பெயரும் வைத்தார்கள். உயரத்திலிருந்து வேவு பார்க்கும் விமானம் ஆந்தை. டாங்கி ஆமை. விமானத்திலிருந்து விழும் குண்டுகள் முட்டைகள். கையெறிகுண்டு 'நி-மா-ஸி', அதாவது உருளைக்கிழங்கு. இவற்றைத் தேர்ந்தவர்களுக்குப் போர்க்கருவிகளின் இயல்பைக் கூர்ந்து நோக்கும் கண்ணும் கொஞ்சம் குறும்பும் இருந்தது தெரிகிறது. நாடுகளின் பெயர்களும் இதே போக்கில் அமைந்தன. ஜெர்மனி இரும்புத் தொப்பி. பிரிட்டன் நீர்களுக்கு நடுவிலுள்ளது. அமெரிக்கா 'நே-ஹே-மா', அதாவது நம் தாய். இந்தியாவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆ-லே-கை'. வெள்ளை உடை என்று பொருள். முதல் பட்டியலில் இருநூற்றுக்கும் சற்று மேற்பட்ட சொற்களே இருந்தன. போர் முடிவதற்குள் அது நானூற்றைத் தாண்டியது.

ஆனால் எந்தப் பட்டியலும் முழுமையாக இருக்க முடியாது. ஒரு தீவின் பெயரோ, மலையின் பெயரோ, படைத்தலைவரின் பெயரோ செய்தியில் வந்தால் என்ன செய்வது? அதற்காக இரண்டாவது ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். ஆங்கிலத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் அந்த எழுத்தில் தொடங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்து, அந்தச் சொல்லின் நவஹோ வடிவத்தை அவ்வெழுத்தின் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஏ என்ற எழுத்துக்கு ஆன்ட், அதாவது எறும்பு, நவஹோவில் 'வொல்-லா-சீ'. பி என்ற எழுத்துக்கு பேர், அதாவது கரடி, நவஹோவில் 'ஷஷ்'.

இவோ ஜிமா தீவிலுள்ள சூரிபாச்சி மலையை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயர் ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. அனுப்புபவர் ஒலிவாங்கியில் சொல்வது: 'திபே, ஷி-தா, தா-நெஸ்-ட்ஸா, ட்கின், ஷஷ், வொல்-லா-சீ, மோசி, லின், யே-ஹெஸ்'. நவஹோ அறிந்த ஒருவர் காதில் இது செம்மறியாடு, மாமன், கிடா, பனிக்கட்டி, கரடி, எறும்பு, பூனை, குதிரை, அரிப்பு என்று விழும். எந்த ஊரிலும் எவரும் இப்படி ஒரு வாக்கியம் பேசமாட்டார்கள். பயிற்சி பெற்றவரோ ஒவ்வொன்றையும் மனத்துக்குள் ஆங்கிலமாக்கி, ஷீப் என்றால் எஸ், அங்கிள் என்றால் யு, ராம் என்றால் ஆர் என்று முதலெழுத்தை மட்டும் தாளில் எழுதிக்கொண்டே போவார். ஆக, செய்தியைப் பிடித்த எதிரி முதலில் மொழியை அறிய வேண்டும். பிறகு சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஊகிக்க வேண்டும். அதன்பின் அந்த இடத்தில் சொல் முழுப்பொருளில் நிற்கிறதா, எழுத்தாக நிற்கிறதா, வேறொரு போர்க்கருவிக்குப் பதிலாக நிற்கிறதா என்று பிரித்தறிய வேண்டும்.

இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. மறையெழுத்தை உடைப்பவர்களின் மிகப் பழைய கருவி எண்ணிக்கை. ஆங்கிலத்தில் ஈ என்ற எழுத்தே மிகுதியாக வரும். அதையடுத்து டி, ஏ, ஓ போன்றவை. ஒரு செய்தியில் எந்த ஒலி திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணினாலே, அது ஈ என்று ஊகித்துவிடலாம். ஓர் எழுத்து அகப்பட்டால் பக்கத்து எழுத்துகளும் மெல்ல வெளிப்படும். மொழியே தெரியாவிட்டாலும், ஒலியை மட்டும் எண்ணி இதைச் செய்ய முடியும் என்பதுதான் இதன் ஆபத்து. இதை உணர்ந்த பிறகு, அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு ஒன்றோ இரண்டோ மாற்றுச் சொற்கள் சேர்க்கப்பட்டன. ஏ-க்கு எறும்போடு ஆப்பிளும் கோடரியும் சேர்ந்தன. ஈ-க்கு எல்க் என்னும் மானோடு காதும் கண்ணும் சேர்ந்தன. அனுப்புபவர் ஒரே சொல்லில் எறும்பு, ஆப்பிள், கோடரி மூன்றையும் தம் விருப்பம்போல் மாற்றி மாற்றிப் போடலாம். இவ்வாறு 26 ஆக இருந்த எழுத்துப் பெயர்கள் 44 ஆயின. என் பார்வையில் இந்தச் சங்கேதத்தின் முதிர்ச்சியைக் காட்டும் இடம் இதுதான். ஆமையும் உருளைக்கிழங்கும் நினைவில் தங்கும் அளவுக்கு இது தங்குவதில்லை.

இந்த இரண்டு அடுக்குகளையும் சுற்றி வெளிமதிலாக நின்றது நவஹோ மொழி. அதபாஸ்கன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கமும், உயிரொலி மூக்கின்வழி வருகிறதா என்பதும் சொல்லின் பொருளையே மாற்றிவிடும். தொண்டையை இறுக்கி எழுப்பும் மெய்யொலிகளைப் பிறர் காதால் பிரித்தறிவதே கடினம். வினைச்சொல் இன்னும் சிக்கலானது. ஒரு பொருளைக் கொடு என்று சொல்வதற்கு, அது உருண்டையானதா, நீண்டு விறைப்பானதா, துணிபோல் மடங்கக்கூடியதா, சேறுபோல் குழைந்ததா என்பதற்கேற்ப வினையின் அடியே வேறுபடும். அம்மொழியைப் பரவலாக எழுதும் வழக்கமும் அன்று இல்லை. நவஹோ அல்லாதவர்களில் அதை அறிந்தவர்கள் உலகிலேயே 30 பேருக்கும் குறைவு என்று அக்காலத்தில் மதிப்பிட்டனர். அந்தச் சிலரில் ஜப்பானியர் எவரும் இல்லை என்றே கருதப்பட்டது.

களத்தில் வேலை நடந்த விதத்தையும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பெரும்பாலும் இருவர் சேர்ந்து இயங்குவர். எடைமிக்க வானொலிக் கருவிக்கு மின்சாரம் வர ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற, மற்றவர் பேசுவார், கேட்பார். அதிகாரி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தபடியே அவர் நவஹோச் சங்கேதத்தில் பேசிவிடுவார்; இடையில் எதையும் எழுதிக்கொள்வதில்லை. மறுமுனையில் இருப்பவர் கேட்டபடியே ஆங்கிலத்தில் எழுதி அதிகாரியிடம் நீட்டுவார். பேசி முடித்ததும் இடம் மாறிவிடுவது நல்லது. செய்தி புரியாவிட்டாலும் ஒலிபரப்பு எங்கிருந்து வருகிறது என்று எதிரியால் கணிக்க முடியும், பீரங்கியை அங்கே திருப்பவும் முடியும். சொற்பட்டியல் பயிற்சி முகாமில்தான் இருந்தது. களத்துக்கு அதை எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. நூற்றுக்கணக்கான சொற்களையும் எழுத்துப் பெயர்களையும் குண்டு மழைக்கு நடுவில் தடுமாறாமல் நினைவிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்பது இரவுகள் தொடரும் சடங்குப் பாடல்களைச் சொல் பிசகாமல் வாய்மொழியாகவே கற்றுக் காத்துவந்த ஒரு பண்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு நினைவாற்றல் புதிய பயிற்சியன்று.

முதல் குழுவினர் 1942 நவம்பரில் குவாடல்கனால் தீவில் இறங்கினர். அவர்களுள் ஒருவரான செஸ்டர் நெஸ் அனுப்பிய முதல் செய்தி, வலப்பக்கத்தில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கித் தளம் இருக்கிறது, அதை அழித்துவிடுங்கள் என்பது. அடுத்த சில கணங்களில் அமெரிக்கப் பீரங்கிகள் அதைத் தகர்த்தன. தொடக்கத்தில் ஐயத்தோடு பார்த்த அதிகாரிகள் இன்னும் ஆட்களைக் கேட்கத் தொடங்கினர். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 400 நவஹோக்கள் இந்தப் பணிக்குப் பயிற்சி பெற்றனர்.

இரகசியம் காப்பது மட்டுமே சங்கேதத்தின் பயன் என்று நினைப்பது வழக்கம். 1944-இல் சைபான் தீவில் நடந்ததாகப் பலரும் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி இன்னொரு பயனைக் காட்டுகிறது. ஜப்பானியர் இரவோடு இரவாகக் கைவிட்ட நிலைகளுக்கு ஒரு மரைன் பட்டாளம் முன்னேறியிருந்தது. அது தெரியாமல் அமெரிக்கப் பீரங்கிகள் அந்த இடத்தையே தாக்கின. 'நாங்கள் உங்கள் ஆட்கள், நிறுத்துங்கள்' என்று வானொலியில் ஆங்கிலத்தில் கதறியும் பயனில்லை. ஜப்பானியர் இப்படிப் பேசி ஏமாற்றுவது வழக்கமாகியிருந்ததால் தலைமையகம் நம்பவில்லை. கடைசியில், உங்களிடம் ஒரு நவஹோ இருக்கிறாரா என்று கேட்டார்கள். அவர் பேசியதும் பீரங்கிகள் வேறு பக்கம் திரும்பின. பேசுபவர் யார் என்பதை உறுதிசெய்வது, இன்றைய தகவல் பாதுகாப்பில் தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் குரலும் மொழியுமே இங்கு அந்தச் சான்றாக அமைந்தன.

1945 பிப்ரவரியில் தொடங்கிய இவோ ஜிமா சண்டையில், முதல் இரண்டு நாட்களில் ஆறு நவஹோக்கள் இரவுபகலாகப் பணியாற்றி, 800-க்கும் மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றிக் கையாண்டனர். நவஹோக்கள் இல்லாவிட்டால் மரைன்கள் இவோ ஜிமாவைக் கைப்பற்றியிருக்கவே முடியாது என்று, ஐந்தாம் மரைன் டிவிஷனின் செய்தித்தொடர்பு அதிகாரி மேஜர் ஹவர்ட் கானர் பின்னர் கூறினார்.

பூர்வகுடி மொழியைப் போரில் பயன்படுத்துவது நவஹோக்களோடு தொடங்கியதன்று. 1918 அக்டோபரில், பிரான்சில், ஜெர்மானியர் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பிகளை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தபோது, சாக்டா இனத்து வீரர்கள் தங்கள் மொழியில் ஆணைகளைப் பரிமாறினர். இயந்திரத் துப்பாக்கியை 'வேகமாகச் சுடும் சிறு துப்பாக்கி' என்றார்கள். முதல், இரண்டாம், மூன்றாம் பட்டாளங்களை ஒன்று, இரண்டு, மூன்று சோளமணிகள் என்றார்கள். 1944-இல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியவர்களுள் கொமான்சி இனத்துச் சங்கேதப் பேச்சாளர்களும் இருந்தனர். குண்டுவீச்சு விமானத்தை அவர்கள் 'கர்ப்பமான விமானம்' என்று குறித்தனர். இவற்றோடு ஒப்பிட்டால் நவஹோ ஏற்பாடு அளவில் பெரியது. எழுத்துப் பெயர்களையும் சேர்த்துத் திட்டமிட்டு வளர்க்கப்பட்டது.

இந்த வரலாற்றில் கசப்பான ஒரு பகுதியும் உண்டு. அந்த 29 பேரில் பலர் படித்த அரசு உறைவிடப் பள்ளிகளில் நவஹோ பேசுவது தண்டனைக்குரிய குற்றம். அம்மொழியில் பேசியதற்காகத் தம் வாயைச் சோப்பால் கழுவினார்கள் என்று செஸ்டர் நெஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 29 பேரில் மூத்தவரும் பிற்காலத்தில் ஓவியராக அறியப்பட்டவருமான கார்ல் கார்மனைப் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அதே காரணத்துக்காகச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிமாரின் காலத்தில், 1864-இல், அமெரிக்கப் படை நவஹோக்களைத் தங்கள் நிலத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் சென்று, நான்கு ஆண்டுகள் சிறைபோன்ற முகாமில் வைத்திருந்தது. உறைவிடப் பள்ளிகள் அவர்களுக்கு வலிந்து புகட்டிய ஆங்கிலமும், அதே பள்ளிகளால் அழிக்க முடியாமல்போன நவஹோவும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால்தான் இந்தச் சங்கேதம் சாத்தியமாயிற்று என்பதும் உண்மை.

'வரலாற்றில் உடைக்கப்படாத ஒரே சங்கேதம்' என்று இதைப் பற்றி அடிக்கடி எழுதுகிறார்கள். அது மிகைப்படுத்தல். அதே போரில் அமெரிக்கர்கள் பயன்படுத்திய சிகாபா என்னும் இயந்திர மறையெழுத்தையும் எவரும் உடைக்கவில்லை. நவஹோச் சங்கேதத்துக்கு வரம்புகளும் இருந்தன. அது சில நிமிடங்களிலோ மணிகளிலோ பயன் முடிந்துவிடும் களச் செய்திகளுக்கானது. நாள்தோறும் மாற்றக்கூடிய திறவுகோல் எதுவும் அதில் இல்லை. சொற்பட்டியல் அறிந்த ஒருவர் எதிரியிடம் சிக்கி வாய் திறந்திருந்தால் மொத்த ஏற்பாடும் அன்றே கலைந்திருக்கும். மூன்று ஆண்டுகள் அப்படி எதுவும் நிகழவில்லை. இன்றைய கணினிகளுக்கு முன்னால் இது நிற்காது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது நிற்க வேண்டியிருந்தது 1942-க்கும் 1945-க்கும் இடையில்தான்.

போர் முடிந்ததும் அவர்கள் எதையும் வெளியே சொல்லக்கூடாது என்று பணிக்கப்பட்டு வீடு திரும்பினர். மீண்டும் பயன்படலாம் என்று படைத்துறை கருதியதால் 1968 வரை அந்த இரகசியம் நீக்கப்படவில்லை. தாம் கண்ட கொடுங்கனவுகளிலிருந்து விடுபட, பகைவரின் நிழலை நீக்கும் நவஹோச் சடங்கைச் செய்துகொண்டதாக நெஸ் கூறியிருக்கிறார். அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் பூர்வகுடியினருக்கு வாக்குரிமை கிடைத்ததே 1948-இல்தான். 2001 ஜூலையில் முதல் 29 பேருக்கும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டபோது, நேரில் வந்து பெற்றுக்கொண்டவர்கள் நால்வர் மட்டுமே. அந்த 29 பேரில் கடைசியாக வாழ்ந்திருந்த நெஸ் 2014-இல் காலமானார்.

முழுச் சொற்பட்டியலும் இன்று அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றுத் துறை வழியாக எவரும் படிக்கும்படி வெளியாகியிருக்கிறது. அதைத் திறந்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அதிலுள்ள நவஹோச் சொற்கள் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் தோராயமாக எழுதப்பட்டவை. ஏற்ற இறக்கக் குறிகளோ மூக்கொலிக் குறிகளோ அவற்றில் இல்லை. எனவே இன்றைய நவஹோ அகராதியில் அவற்றை அப்படியே தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இக்காலத்து எழுத்துமுறையில் அச்சொல் எப்படி எழுதப்படுகிறது என்று முதலில் அறிந்துகொண்டு, அதன்பின் தேட வேண்டும்.